சிவப்புக் காருக்குக் கை தட்டினார்கள்

அன்பு மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் இருமல் நின்றதா? போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒஹாயோவில் இந்த வருடம் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டது. கொல்லையில் தக்காளி எல்லாம் கருகிப்போயிற்று. இதெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மனசு முழுக்க அந்தக் கார்தான் நிற்கிறது.

உன் அப்பா தன் இரண்டு கதவு சிவப்புக் காரை ஏழைப் பிள்ளைகளுக்கான தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் அதை ஏலத்தில் விட்டுக் கோடை முகாம் நடத்துவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் குடித்துவிட்டு ஓட்டி, நம் சபை லொரெட்டாவின் பையன் வெண்டலை அடித்துப் போட்டது அதே கார்தான் என்பதை மறந்துவிட்டால் போதும்.

யோசனை வக்கீலுடையது. நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றுகொண்டே சொன்னார்: "டேல், தீர்ப்புக்கு முன்னாடி வண்டியக் குடுத்துடுங்க. மனுஷன் திருந்திட்டான்னு ஜட்ஜ் நினைப்பாரு." உன் அப்பா உடனே கேட்டது என்ன தெரியுமா? "வருமான வரியில கழிச்சுக்கலாமா?" நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

கொடுப்பதற்கு முன் நசுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்து, உடைந்த விளக்கை மாற்றி, மெழுகு போட்டுத் தேய்த்தார். வெண்டல் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காத மனுஷர், அந்த பம்பரை முழங்கால் போட்டுத் துடைத்தார். இழுவை வண்டிக்காரன் வந்து பார்த்துவிட்டு, "புது டயரு போட்டிருக்கு, இதைப் போய் யாரு சார் சும்மா குடுப்பாங்க?" என்றான். உன் அப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பிள்ளைங்களுக்குத்தானே" என்றார். என்னைப் படம் எடுக்கச் சொன்னார். நான் கேமராவைத் தொடவில்லை. கடைசியில் அந்த வண்டிக்காரனே எடுத்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார். சபை எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் லொரெட்டா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள், களைப்பாக இருக்கிறது போலும் என்று என் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவர்களை என்னவென்று சொல்வது?

அதற்கப்புறம் சபையார் எல்லாருக்கும் கூடத்தில் சாப்பாடு. உன் அப்பா உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். "உன் பையன நினைச்சுத்தான் குடுத்தேன், லொரெட்டா" என்றார். அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. "என் பையனுக்குக் கார் எதுக்கு டேல்? முழங்கால் மடங்கினாப் போதும். கக்கூஸ்ல உக்கார வைக்க ரெண்டு பேர் வேண்டியிருக்கு" என்றாள். உன் அப்பா தட்டை வைத்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "பாத்தியா, நன்றி கெட்ட ஜென்மம்." அவ்வளவு பெரிய கூடத்தில் அவர் பக்கத்தில் நிற்கவே அருவருப்பாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கோபம் வந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது, இது புதிது.

இன்னும் கேள். நேற்று போனில் உன் சித்தப்பாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "லைசென்ஸ் திரும்பி வரட்டும். கறுப்புல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், இதைவிட வேகம்." நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் உனக்கு ஒரு உறை வரும். ஜட்ஜுக்கு நீ எழுதுவது போல வக்கீலே எழுதி வைத்திருக்கிறார்; நீ கையெழுத்துப் போட்டால் போதும். "என் அப்பா உயிருக்குயிராய் நேசித்த பொருளை ஏழைக் குழந்தைகளுக்குத் தந்தவர்" என்று அதில் இருக்கிறது. மகள் எழுதினால் ஜெயில் இல்லாமலே போய்விடலாம் என்கிறார். இருக்கலாம். அவர் குடித்துவிட்டு ஓட்ட, ஒரே ஒரு தடவை அந்தக் காரில் போய்வந்த பிறகு நீ ஏன் அதில் ஏறவே இல்லை என்பது வக்கீலுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு நானும் போகிறேன். உன் அப்பாவுக்குப் பின்னால் நம் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு ஒதுக்குவார்களாம். நான் அங்கே உட்காரப்போவதில்லை. லொரெட்டாவிடம் அவள் பக்கத்தில் இடம் இருக்குமா என்று கேட்டேன். "வெண்டல் கால நீட்டி உக்காருவான், ஓரமாத்தான் இடம் இருக்கும்" என்றாள். எனக்கு அது போதும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது வக்கீல் எழுந்து ஒரு கடிதத்தைச் சத்தமாகப் படிப்பார். அதன் அடியில் உன் பெயர் இருக்கக் கூடாது, கண்ணே. அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்க என்னால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

என்றும் உன்
அம்மா மார்லீன்