எஸ்தருக்கென்று சொன்ன வண்டி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. கொட்டகையில் வண்டி மேல் கிடந்த தார்ப்பாயை இன்றைக்குத்தான் எடுத்தேன். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. இரண்டு டயரும் தரையோடு தரை. செயினில் துரு. பார்க்கவே வெட்கமாக இருந்தது. முட்டி வலி வந்த பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முடிவு செய்துவிட்டேன். யாராவது ஓட்டுகிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தம்பி முருகேசன் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். மலைத் தோட்டங்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் ஏறி இறங்கிய வண்டி. மொபெட் திணறிய ஏற்றமெல்லாம் இது ஏறியது. நர்ஸம்மா பைக்கில் வருகிறாள் என்று போடி பஜாரே திரும்பிப் பார்த்த காலம்.

வாங்க: எலிப் பொறி, மண்ணெண்ணெய், கண் சொட்டு மருந்து.

ஜூன் 12, வியாழன்

காற்று. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். இஞ்சின் சாகவில்லையாம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் போதுமாம்.

கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பின்னால் தள்ளுவண்டி பற்றவைத்து மீன் விற்க வேண்டும். மற்றவருக்கு இஞ்சின் மட்டும், தண்ணீர் இறைக்க. இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பினேன். முருகேசனுக்கு எரிச்சல். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிப் பார்க்கிறேனாம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று போடியிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. எஸ்தர். கிராம சுகாதார செவிலியர், என் பழைய வேலைதான். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லையாம். அவளுடைய ஸ்கூட்டர் பாதி ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நடைதான்.

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு மெதுவாக, "இதுலயா சிஸ்டர் மேல வரைக்கும் போனீக?" அவ்வளவுதான் கேட்டாள்.

சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ரிப்பேர்ச் செலவு அவளுடையது. நான் மதுரையில் கண் ஆபரேஷன் முடித்து வந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ப் பேர் மாற்றிவிடலாம். வாக்குக் கொடுத்தாயிற்று. முருகேசன் பக்கத்திலேயே நின்றான். பஸ் ஸ்டாப் வரை அவளுக்கு வழி காட்டியவனும் அவன்தான்.

மனசு லேசாக இருக்கிறது. இரண்டு தோசை கூடுதல்.

ஜூன் 18, புதன்

மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பியாயிற்று. ஆபரேஷன் நாளைக்கு. பிறகு சித்தி மகள் வீட்டில் சில நாள். கொட்டகைச் சாவி முருகேசன் மனைவி கலாவிடம்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கண்ணால் முதலில் பார்த்தது காலிக் கொட்டகை.

தரையைக் கழுவி விட்டிருக்கிறார்கள். எண்ணெய்க் கறைகூட இல்லை. மெக்கானிக் எடுத்துப் போனதாகக் கலா சொன்னாள். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், அவர் இந்தப் பக்கமே வரவில்லையாம். சாப்பாட்டுக்கு முருகேசன் இறங்கி வரவில்லை. கலா கேட்காமலே கூட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர்கள் மகள்தான் சொன்னாள். "கூடலூர் கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு அப்பா குடுத்துட்டாக அத்தை. சொல்லக் கூடாதுன்னாக."

ஆக, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வந்ததிலிருந்து என் கண்ணில் மருந்து விட்ட கை, தலையணை உயர்த்தி வைத்த கை, எல்லாம் தெரிந்த கை.

ஜூன் 25, புதன்

முருகேசனைக் கேட்டேன். முதலில் தரையைப் பார்த்தான், பிறகு என்னையே திருப்பிக் கேட்டான்.

"யாரோ ஒரு பிள்ளைக்குத் தூக்கிக் குடுக்குற. கூடப் பொறந்தவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டியாக்கா? அந்த மொதலாளிக்குத்தான் நான் காய்கறி போடப் போறேன். அங்கன வாசல்ல அழகா நிப்பாட்டி வச்சிருக்காக."

அம்மா போன பிறகு இவனுக்குத் தலை வாரிவிட்டு பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. கேட்கவில்லையே.

ஆர்.சி. புக் என் பீரோவில்தான் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் எப்படி வாங்கினார்கள் என்றேன். தெரிந்த ஆள், நம்பி எடுத்துக்கொண்டார் என்றான்.

எஸ்தருக்குப் போன் செய்து சொன்னேன். "சரி சிஸ்டர்." வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

போடி போனேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பையில் ஆர்.சி. புக். எஸ்தர் துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் குறையும் வரை பெஞ்சில் காத்திருந்தேன்.

வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "வேற நல்ல ஆளு கெடைச்சா நேராவே சொல்லிருக்கலாம்ல சிஸ்டர்" என்றாள். தம்பிமேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்வதாக நினைத்திருக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை. அவள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஸ்கூட்டரையும் அவசரப்பட்டு விற்றுவிட்டாளாம். இந்த வாரம் முழுக்க நடந்தே போயிருக்கிறாள்.

ஆர்.சி. புக்கை அவள் கையில் வைத்தேன். நாளைக்கு என்கூட வா என்றேன்.

ஜூன் 28, சனி

கூடலூர். மலைப் பக்கம் மழை இருட்டு. கெஸ்ட் ஹவுஸ் வாசலில் என் வண்டி. பளபளவென்று பாலிஷ். சீட்டில் பூந்தொட்டி. முன்சக்கரத்தைக் கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

முதலாளி மரியாதையான மனிதர், கேரளாக்காரர். நாங்கள் வண்டியையே பார்ப்பதைக் கண்டு தானாக வந்து சொன்னார். "பண்டு காலத்துல மலையில வேலை பார்த்த ஒரு நர்ஸோட வண்டி. அவங்க மரிச்சுப் போயி. பத்தொன்பதாம் தேதி காலையில தம்பிதான் கொண்டுவந்து தந்தாரு. வாரிசு பேப்பர் வந்ததும் என் பேருக்கு மாத்தித் தரும்."

எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். ஆர்.சி. புக்கையும் ஆதார் அட்டையையும் நீட்டினேன். அவர் அதைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பப் படித்தார். "சேச்சி..." என்று ஆரம்பித்து முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே பூந்தொட்டியை இறக்கினார். முருகேசனிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிக்கப் வண்டியில் ஏற்ற ஆளும் கூப்பிட்டார்.

வரும் வழியில் எஸ்தர் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சின்னமனூர் தாண்டியதும், "மன்னிச்சிருங்க சிஸ்டர்." அவள் ஏன் கேட்க வேண்டும்?

ஜூன் 29, ஞாயிறு

வெயில். மெக்கானிக் டயருக்குக் காற்றடித்து, கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டார். எஸ்தர் உதைத்த உதையில் தெருவெல்லாம் புகை. பேர் மாற்றும் பாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கலா மாடியிலிருந்து இறங்கவில்லை.

சாயங்காலம் முருகேசன் வந்தான். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான். கெஸ்ட் ஹவுஸ்காரர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு பேச்சுக்குச் சொன்னதாம் அது. வாய் தவறி வந்துவிட்டதாம்.

கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எப்படிச் செத்தேன்னு சொன்ன?"

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"கண் ஆபரேஷன்ல போயிட்டாகன்னு சொன்னேன்க்கா."

ஆபரேஷன் அன்றைக்கு மத்தியானம் போனில் கூப்பிட்டு, நல்லாத் தெரியுதாக்கா என்று கேட்டான். அன்று காலையில் வண்டியைக் கூடலூருக்கு ஏற்றிவிட்டுத்தான் கேட்டிருக்கிறான்.