நாலாம் அத்தியாயம் வரை படித்தவர்கள்

அன்பு மகள் நைலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே ஜார்ஜியாவில் நானும் உன் ரொஷெல் சித்தியும் ஆண்டவன் தயவிலும் இரத்த அழுத்த மாத்திரையின் தயவிலும் நலம், எதற்குப் பங்கு அதிகம் என்று போதகர் காதுபடக் கேட்காதே. அலாஸ்காக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று எழுது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் கம்பளித் தொப்பி போடாதே, முடி தொப்பியோடு வந்துவிடும்.

தொலைபேசியில் நான் பாதியில் விட்ட பேருந்துக் கதையைக் கேட்டிருந்தாய். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரத் தேவாலயப் பெண்கள் நூலகத்தில் என் மேசைக்கு வந்து, நம் கறுப்பு மக்கள் பட்ட நிறவெறி பற்றியும் சமநீதி பற்றியும் படிக்கப் புத்தகம் சொல்லச் சொன்னார்கள், நானும் அள்ளிக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, படித்தார்கள். அவர்களுக்குத் தலைவி பெக்கி ஆன் பக்கத்துக்குப் பக்கம் வண்ணக் காகிதம் ஒட்டினாள், வாரம் தவறாமல் என் மேசையில் சாய்ந்து அழுதாள். உன் சித்தி பொறுக்க மாட்டாமல், கஷ்டப்பட்டது நம்ம தாத்தா, கண்ணீர் அவளுக்கு, துடைக்கிற காகிதச் செலவு உனக்கா அக்கா என்றாள்.

அந்த நேரம் பார்த்து நகரசபை நம் பக்கம் வரும் இரவு பஸ்ஸை நிறுத்தப் பார்த்தது. நூலகம் பூட்டியபின் எனக்கு அது ஒன்றுதான், இல்லையென்றால் நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையில் இருட்டில் நடக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசுவது எனக்குப் பல் பிடுங்குவது போல, உனக்கே தெரியும். நகரசபையில் பாதிப் பேர் அந்தப் பெண்களின் புருஷன்மார், கொழுந்தன்மார். அதனால் பெக்கி ஆனிடம் நீங்கள் பேசுங்கள் என்று கேட்டேன். அதுக்கென்ன கண்ணு, எல்லாரும் வந்து உன் பக்கம் நிப்போம் என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வந்தார்கள், இரண்டு வரிசை நிறைந்தது. நகரசபைத் தலைவர் ராண்டல், பெக்கி ஆனின் தம்பிதான், யாராவது பேசணுமா என்று கேட்டார். ஒருத்தியும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் கைகட்டி, பணிவாக என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். பேசுங்கம்மா என்று பல்லைக் கடித்தேன். அய்யோ, இது உன் குரல் ஒலிக்க வேண்டிய இடம், நாங்க குறுக்க வரக்கூடாது, நாலாவது அத்தியாயத்துல போட்டிருக்கு என்று பெக்கி ஆன் கிசுகிசுத்தாள். நான் கொடுத்த புத்தகம், நைலா! ராண்டல், அப்ப யாருக்கும் ஆட்சேபம் இல்லன்னு எடுத்துக்கலாமா என்று மேசையில் தட்டி முடிக்கச் சுத்தியலைத் தூக்கினார். பின்னாலிருந்து உன் சித்தி, அம்மாமாரே, அஞ்சாவது அத்தியாயத்த யாராச்சும் தொறந்து பாத்தீங்களா என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

வேறு வழியில்லாமல் எழுந்தேன். இந்த பஸ் நின்னா நான் இருட்டுல நடப்பேன், ஒரு நாள் லாரி அடிக்கும், இந்த ரெண்டு வரிசையும் என் அடக்கத்துக்கு வந்து இதே மாதிரி அமைதியா தலையாட்டுவாங்க என்றேன். யாரோ சிரித்தார்கள். பெக்கி ஆன் சிரிக்கவில்லை, கழுத்துவரை சிவந்து எழுந்தாள், டேய் ராண்டல், சுத்தியலக் கீழ வைடா என்றாள். அதற்கப்புறம் அவளை உட்காரவைக்க யாராலும் முடியவில்லை.

பஸ் பிழைத்தது, ஆனால் வசந்தம் வரைதான், அதுவும் இருக்கைகள் நிரம்பினால். ஆகவே அந்தப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் நம் பக்கம் வந்து இறங்காமலே திரும்பிப் போகிறார்கள். என்னை யாரும் கூப்பிடாத நேரம் அந்தப் பயணம் ஒன்றுதான், அதுவும் போயிற்று. பெக்கி ஆன் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைத் தடவி, இன்னைக்கி உள்ளுக்குள்ள எப்படி இருக்கே, நெசத்தச் சொல்லு என்கிறாள். நிஜத்தைச் சொன்னால் இறங்கிப் போய்விடுவாள், ஓர் இருக்கை குறையும். நல்லா இருக்கேன் என்கிறேன்.

நீயாவது உன் நிஜத்தை எனக்கு எழுது. சித்தியிடமும் ஒரு வார்த்தை பேசு, நான் சொன்னதாகச் சொல்லாதே. போகும் வழியெல்லாம் உனக்கு வெளிச்சம் இருக்கட்டும், மகளே.

என்றும் உன் அம்மா,
ட்ரினீஸ்