அந்த இஸ்திரிப் பெட்டியைத் திறக்காதே

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்கா வீட்டாரும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முட்டி வலி மட்டும் வந்த விருந்தாளி கிளம்பாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்கிறார், அவருடைய நாளை எந்த மாதத்தில் வருமோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், அவர் இன்னும் நான் வேலை பார்த்த அதே இஸ்திரிப் பெட்டிக் கம்பெனியில்தான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறார், அவர் காதில் விழ நான் என்ன சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை என்று நீ சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு வருஷமாக நீ கசங்கின சட்டையோடு வேலைக்குப் போகிறாய் என்று நான் தலையில் அடித்துக்கொண்டதெல்லாம் வாபஸ்.

சாம்பிள் அறையில் நான் பார்த்த வேலை உனக்கு அரைகுறையாகத் தெரியும். ஒரே தடவையில் செய்கிற சரக்கை லாட் என்போம், ஒவ்வொரு லாட்டிலும் மூன்று பெட்டியை எடுத்து, யாரும் திறக்கக் கூடாது என்று பின்மூடி ஸ்க்ரூவின் தலையில் சிவப்புப் பெயின்ட் வைத்து, லாட் எண் ஒட்டி, இரண்டு வருஷம் அலமாரியில் வைத்திருப்போம். வெளியே போன சரக்கில் புகார் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க. கெடு முடிந்ததும் சுத்தியலால் உடைத்துவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். புதுப் பொருளை உடைக்க யாருக்குக் கை வரும். இரண்டை உடைப்போம், மிச்சமிருக்கும் ஒன்று, ஆள் மாற்றி ஆள் முறை வைத்து, யாராவது ஒருத்தர் துணிப்பையில் வீட்டுக்குப் போய்விடும். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பாரே, நாங்கள் 'அப்புறம்' என்றே பெயர் வைத்திருந்த சூப்பர்வைசர், அவர் வீட்டிலேயே இரண்டு உண்டு. நீ வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பின வாரம் என் முறை. மூன்றும் உடைத்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றை உன் பயணப் பெட்டியில் வைத்தேன். அப்போது அது திருட்டு என்று தோன்றவில்லை, இப்போது யோசித்தால் வேறு சொல் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு வக்கீல் அம்மா வீடு தேடி வந்தார். அதே லாட் பெட்டியை வாங்கின ஒரு தையல்காரிக்கு ஷாக் அடித்து வலது கையில் மூன்று விரல் மடங்குவதில்லை. வயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் ஒன்று இருக்க வேண்டும், அது இல்லாமல் தகட்டு விளிம்பில் உரசி உரசி வயரின் மேல்தோல் கிழிந்து பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கிறது. கம்பெனியோ, எங்களிடமிருந்து போகும்போது வளையம் இருந்தது, ரிப்பேர் பார்க்கிறேன் என்று அவளே திறந்து தொலைத்துவிட்டாள் என்கிறது. அந்த லாட்டின் சாம்பிளைக் காட்டுங்கள் என்றால் மூன்றும் உடைத்தாயிற்று என்று என் கையெழுத்தை நீட்டியிருக்கிறார்கள். வேணும்னு செஞ்சாங்களா இல்லையான்னு நாம நிரூபிக்க வேண்டியதில்லைம்மா, கம்பெனி வாசலைத் தாண்டும்போதே குறை இருந்துச்சுன்னு காட்டினாப் போதும், செஞ்சவங்கதான் பொறுப்பு என்றார் வக்கீல். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் மனசு கேட்காமல் அவர் அலுவலகத்துக்குப் போனேன். அந்தத் தையல்காரி அங்கே இருந்தாள், என்னைவிடப் பத்து வயது இளையவள், டீ டம்ளரை இடது கையால் பிடித்திருந்தாள். நான் ஒன்றும் கேட்காமலேயே, நான் அதைத் திறக்கவே இல்லக்கா, எனக்குத் திறக்கவும் தெரியாது என்றாள். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது போலிருக்கிறது. அவள் விரலைப் பார்த்ததும் உன் விரல் நினைவுக்கு வந்தது. அங்கேயே வக்கீலிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. பிளக்கில் சொருகாதே, துடைக்காதே, வயரை இழுத்துப் பார்க்காதே. இருக்கிறபடியே இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் துணி திணித்து, இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கும் வக்கீல் முகவரிக்கு அனுப்பு, நம் வீட்டுக்கு வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றி வளையம் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பட்டுமாம்மா என்பாய், பெற்றவளுக்குத் தெரியாதா. கூடாது. அந்தப் பெயின்ட் உடையாமல் இருந்தால்தான் கம்பெனிக்குப் பிறகு யாரும் உள்ளே கைவைக்கவில்லை என்று நம்புவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் பெட்டியிலும் வளையம் விட்டுப்போயிருக்காது. இதில் இருந்துவிட்டால் அவள் பொய் சொல்கிறாள் என்றாகும், நானும் ஒன்றுக்கும் உதவாமல் திருடி என்று பெயர் வாங்குவேன். வக்கீலே அதைச் சொல்லி, நல்லா யோசிச்சுக்கங்கம்மா என்றார். யோசித்தாயிற்று. உள்ளே பார்த்து, நமக்குத் தோதாக இருந்தால் அனுப்புவது, இல்லாவிட்டால் மறைப்பது என்றால் அதைத்தானே அவர்களும் செய்கிறார்கள். வளையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வக்கீல் கைக்கு வந்து சேர வேண்டும்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, யாரோடும் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளாதே. நீ நோய்நொடி இல்லாமல் நல்ல பேரோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். அனுப்பின ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள். முக்கியமாக, அக்காவிடம் நீ முந்திக்கொண்டு எதையும் சொல்லிவிடாதே. நான் சாட்சிக் கூண்டில் ஏறினால் முதல் அடி மாப்பிள்ளை வேலைக்குத்தான் விழும், அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். இங்கிருந்து நேரே அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அவள் அழுதால் நான் மனசு மாறிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால் வழியில் இந்தக் கடிதத்தை முதலில் தபாலில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா