யோகா டீச்சரைத் திருப்பி அனுப்பியவன்

வெஸ்ட்ரே தீவு,
பிப்ரவரி 9.

அன்புள்ள ராக்னாவுக்கு,

எர்லண்ட் எழுதுகிறேன். கிர்க்வாலில் உன் அக்கா வீட்டில் நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், இதையாவது பிரித்துப் படி. செவலைப் பசு கன்று போட்டுவிட்டது. கிடேரிதான். இங்கே மூன்று நாளாக ஒரே காற்று.

சரி, மழுப்பாமல் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஷீனா டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "யோகா கீகான்னு இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று உனக்குத் தெரியாமல் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் அல்லவா நான்! அது தெரிந்துதானே நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாய். வகுப்பு நடந்த நாளெல்லாம் உன் கால்கள் துவண்டன. கடைசி வகுப்பன்று நீ விழுந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழிபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வகுப்புக்கு முன்னால் அறையை எப்படி வைத்திருந்தேன் என்று மட்டும் டீச்சர் கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன். விடிந்ததிலிருந்து அடுப்பில் கரியைக் கொட்டுவேன், ஜன்னலை இறுக மூடுவேன், உனக்கு இரண்டு கம்பளிச் சட்டை மாட்டிவிடுவேன் என்று. நலிந்த கன்றை அப்படித்தானே பிழைக்க வைக்கிறோம்?

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணீங்க போங்க! எம்.எஸ்.ங்கிற இந்த நரம்பு நோய் வந்தவங்களுக்குப் பொதுவா சூடு ஆகாதுங்க. உடம்பு சூடானா நரம்பு சொன்ன பேச்சு கேக்காது. நான் வந்து ஜன்னலைத் திறந்தா, நீங்க பின்னாடியே வந்து மூடுவீங்க. உங்க மனசு நோகும்னு அவங்க வாயே திறக்கல."

ராக்னா, உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துமா அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன், உன் அக்காவிடம் சொல்லாதே.

உனக்கென்றே டீச்சர் எழுதிக் கொடுத்த தாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. தெம்பான நாளில் சுவரைப் பிடித்து நின்று செய்வது, சோர்ந்த நாளில் நாற்காலியில், சுத்தமாக முடியாத நாளில் படுத்தபடி மூச்சு மட்டும். மேலே டீச்சர் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார், எதற்காக இதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று. கீழே உன் கையெழுத்து, கோணல்மாணலாக: "தொழுவம் வரைக்கும் தனியா நடந்துபோய், எர்லண்டைச் சாப்பிடக் கூப்பிடணும்."

இதைத்தான் நான் வேண்டாம் என்று விரட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வருகிறார். ஜன்னலை அவர் திறப்பார், நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். வீட்டுக்கு வந்துவிடு ராக்னா. நான் தொழுவத்தில் இருப்பேன். எவ்வளவு நாளானாலும் சரி, நடுவில் ஓடிவந்து தாங்க மாட்டேன். நீ வந்து கூப்பிடு, சாப்பிட வருகிறேன்.

உன்,
எர்லண்ட்