அப்பா ஓடிய கோடை

கொஸ்கிலா,
செப்டம்பர் 10, 1996

அன்பு மகள் சிர்க்குவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது முழங்காலை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால். பிரிஸ்பேனில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் ஒஸ்ஸியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஏதாவது இருந்தால் இந்நேரம் போன் வந்திருக்கும். போனில் சொல்ல வேண்டியதை அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உன் அப்பா சமையலறை மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை, அதுதான் விஷயம். இன்றைக்கு முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அழகாகப் போக வேண்டுமாம், எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. நீ மட்டும் படி. படித்துவிட்டு அவர் கண்ணில் படாத இடத்தில் வை, அவர் அங்கே வரப்போவதில்லை என்றாலும் வை.

முதலில் நல்ல சேதி. வசந்த காலத்திலிருந்து நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாயே அந்த அறுவைச் சிகிச்சை, அதற்கு ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார். திங்கள்கிழமை பதினாறாம் தேதி. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது புது முழங்காலோடு படுத்துக்கொண்டு நர்ஸுகளை அதட்டிக்கொண்டிருப்பார். மகள் சொல்லித்தான் ஒத்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொல்லுவார், நீயும் சந்தோஷப்படு, தப்பில்லை. ஆனால் காரணம் நீ இல்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

நேற்று ஆஸ்பத்திரிப் பெட்டி எடுக்க மாடிக்குப் போனவள் அவருடைய பழைய படங்களை எல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினேழு வயதில், மர அறுப்பு ஆலைத் தொழிலாளர் நாடகக் குழுவில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஈட்டிதான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது போலத் தெரிகிறது, அவ்வளவு ஒல்லி. ஹெல்சிங்கி நாடகப் பள்ளி இரண்டு தடவை திருப்பி அனுப்பியது, நம்ம ஊர்ப் பேச்சு வாயை விட்டுப் போகாது என்று. மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள், பேச்சு போகவில்லை, அவர்கள்தான் களைத்துப்போனார்கள். பிறகு சினிமா. பதினோரு படத்தில் செத்திருக்கிறார் சிர்க்கு, போர்ப் படம் என்றால் முதல் அரை மணிக்குள் குண்டு பாயும், ஆற்றுப் படம் என்றால் கட்டை மேலிருந்து வழுக்கி விழுவார். உன் தாத்தா ஒவ்வொரு படமும் முடிந்து வெளியே வந்ததும், "இந்தப் பையன் சாகுறதுக்குக் காசு குடுக்குறாங்கன்னா நாட்டுல வேல இல்லன்னு எவன் சொன்னான்?" என்பார். அப்புறம் டிவியில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொடர், ஒன்பது வருஷம் கிராமத்து போலீஸ்காரர். உனக்கு ஞாபகம் இருக்கும், கடையில் வரிசையில் நிற்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்காத நம்ம ஊரிலேயே, முன்பின் தெரியாத ஒரு கிழவி அவர் சட்டையைப் பிடித்து, "எங்க பக்கத்து வீட்டுக்காரன் என் வேலிக்குள்ள வண்டி நிறுத்துறான், நீங்க வந்து கொஞ்சம் அதட்டுங்க" என்று கேட்டாள். இவரும் போனார். அதட்டினார். அவனும் வண்டியை எடுத்துவிட்டான்.

ஆனால் இதெல்லாம் அவருக்கு குளிர்காலத்து வேலை. கோடை என்றால் நம்ம ஏரிக்கரை அரங்குதான். உனக்கு அது பிறந்த வீடு மாதிரி, நான் மோட்டார் இயக்கும் கூண்டுக்குள் கோட்டு மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நீ. நாடகம் பார்க்க எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுழலும் வட்ட மேடையை, பண்ணை முற்றத்திலிருந்து ஆலைப் பக்கம், ஆலையிலிருந்து ஏரிப் பக்கம் என்று திருப்பித் திருப்பியே எனக்கு முப்பத்தாறு கோடை போயிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் சுகமாகச் சுற்றுவார்கள், சுற்றிலும் தரையில் நடிக்கிறவர்கள்தான் பாவம், மேடை திரும்புவதற்குள் பின்னாலுள்ள பிர்ச் மரங்களுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி அடுத்த இடத்தில் நிற்க வேண்டும். அறுபத்தொன்பதில் நான் பாட்டைத் தப்பாக எண்ணிவிட்டு ஒரு சுற்று முன்னாடியே திருப்பிவிட்டேன், உன் அப்பா ஏரிக்கரை நாணலுக்கு முன்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார், எதற்கு என்று எழுத வேண்டியதில்லை. எண்ணூறு பேரும் அவர் முதுகைப் பார்த்தார்கள். மனுஷன் பதறவில்லை. ஒரு கையால் தொப்பியைக் கழற்றி, கழுத்தை மட்டும் திருப்பி வணக்கம் வைத்தார், இன்னொரு கைக்கு வேலை இருந்தது. அந்தக் கைதட்டல் அவருக்கு எந்த நாடகத்திலும் கிடைத்ததில்லை. மறுநாள் வந்தவர்கள், நேற்றைக்கு இருந்த காட்சி எங்கே என்று டிக்கெட் ஜன்னலில் சண்டை போட்டார்கள்.

சரி, இந்தக் கோடைக்கு வருகிறேன். புது இயக்குநர் மெர்வி, உன்னைவிட இரண்டு வயது சின்னவள், கெட்டிக்காரி. அவள் வசந்தத்தில் வீட்டுக்கு வந்து, "ஆவ்லிஸ், ஓரமா ஒரு நாற்காலி போடுறேன், கதை சொல்றவரா உக்காந்துக்குங்க" என்றாள். இவர் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "உக்கார்றதுக்கு எதுக்கும்மா நாடகத்துக்கு வரணும்? அத வீட்டுலயே நல்லாச் செய்றேன். ஆலைக்காரன் வேஷத்தக் குடு" என்றார். ஆலைக்காரன் முற்றத்திலிருந்து ஆலைக்கு ஓட வேண்டும், நாற்பது வினாடி, அதற்குள் மேடை திரும்பிவிடும். மெர்வி யோசித்தாள், பிறகு, ஒரு தடவை பிந்தினாலும் வேஷம் கைமாறும் என்றாள். கை குலுக்கிக்கொண்டார்கள். நம்ம ஆட்களுக்குக் கை குலுக்கினால் முடிந்தது, அதற்கு மேல் கையெழுத்து கிடையாது. எலும்போடு எலும்பு உரசுகிறது, இந்த வருஷம் மாற்றாவிட்டால் அடுத்த வருஷம் மாற்றினாலும் ஊன்றுகோல்தான் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டாரே.

உடையோடு நடந்த கடைசி ஒத்திகையில் என் கூண்டிலிருந்து பார்க்கிறேன். எனக்கு மட்டும்தான் மரங்களுக்கு நடுவே உள்ள பாதை தெரியும். பாதி வழியில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கை தானாகவே மோட்டார்க் கைப்பிடியைத் தளர்த்திவிட்டது, மேடை மெதுவாகத் திரும்பியது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நாற்பது வினாடி அறுபது வினாடி ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் அக்கார்டியன் வாசிக்கும் ஒன்னி பல்லவியை இரண்டு தடவை வாசிக்கிறான், யார் சொன்னார்கள் அவனுக்கு? மெர்வி ஒரு நாள் கூண்டுக்கு ஏறி வந்து, "ஐலி, மோட்டாருக்கு வயசாயிடுச்சு போல" என்றாள். ஆமாம், வயசாகிவிட்டது என்றேன். "எண்ணெய் கிண்ணெய் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இப்படி எல்லாருக்கும் தெரிந்தது, அவர் ஒருவரைத் தவிர.

அவருக்குத் தெரியாமல் போனதுதான் வினை. மனுஷன் பூரித்துப்போனார். நாற்பது வினாடிக்குள் போய்ச் சேர்கிறோம், அதுவும் மூச்சு வாங்க நேரம் மிச்சம் வைத்து என்று. ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி போட்டுக் கடிதம் வந்தது, அதைக் காப்பி டப்பாவுக்கு அடியில் செருகினார். ஆகஸ்ட் பாதியில் எடுத்து என் முன்னால் போட்டு, "ஓடுற கால எதுக்கு ஐலி அறுக்கணும்? நடக்க முடியாதவன் எவனாவது காத்துக்கிட்டிருப்பான், அவனுக்குக் குடுக்கட்டும். நாடகம் முடிஞ்ச மறுநாள் போன் பண்ணிச் சொல்லிடுறேன்" என்றார். அடுத்த கோடைக்கும் மெர்வியோடு கை குலுக்கியாகிவிட்டதாம். பாவி, அவளும் மறுக்க முடியாமல் குலுக்கியிருக்கிறாள். எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து அவர் காலையே வாங்கப் பார்த்தேனே என்று.

சொல்லிவிடலாம் என்றுதான் கடைசிச் சனிக்கிழமை சவுனா நீராவியில் உட்கார்ந்து வாயெடுத்தேன். அவர் மேல் படியில் உட்கார்ந்து பிர்ச் இலைக் கட்டால் அந்த முழங்காலைத் தட்டித் தட்டி, "அறுபத்தாறு வயசு, ஐலி. எவனாவது நம்புவானா?" என்று சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வேன்? எண்ணூறு பேரைச் சுற்றவைக்கத் தெரிந்த எனக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை. வெந்நீர் போதுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். மழை. எண்ணூறு பேரும் பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், நம்ம ஆட்களைத் தெரியுமே, மழைக்கு எழுந்து போனால் மானம் போய்விடும். முற்றத்துக் காட்சி முடிந்தது, அப்பா மரங்களுக்குள் போனார். நான் கைப்பிடியைப் பிடித்தேன். நாற்பது வினாடியில் திருப்பினேன் சிர்க்கு. தெரிந்துதான் திருப்பினேன். ஒன்னி இரண்டாம் பல்லவியை ஆரம்பித்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன். மேடை நின்றது. எதிரே ஆலை, மழை, ஆள் இல்லை. எனக்குப் பாதை தெரிகிறது. ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு வருகிறார், ஓட்டம் இல்லை, நடைகூட இல்லை, இழுத்துக்கொண்டு வருகிறார். போதும், நீ அங்கேயே நில்லு, நானே மேடையை உன் பக்கம் கொண்டுவருகிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆலைக்கு வந்தவருக்கு மூச்சே இல்லை. ஓடி வந்து, தண்ணீர் வந்துவிட்டது என்று ஊருக்கே கேட்கக் கத்த வேண்டிய இடம் அது. அவர் ஆலைப் படியில் உட்கார்ந்துவிட்டார், நாடகத்தில் அப்படி இல்லை. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூச்சு வரும்வரை காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல, "தண்ணி வந்துடுச்சு" என்றார். முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். ஐம்பது வருஷமாக அவரைப் பற்றி, துணை வேடங்களில் குறையில்லை என்று ஒரு வரி எழுதிவந்த நம்ம ஊர்ப் பத்திரிகை, போன செவ்வாய்க்கிழமை அந்த ஒரு காட்சிக்கே அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

ஆட்டம் முடிந்த மறுநாளே, திங்கள்கிழமை காலை, அவரே போன் பக்கம் போனார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அந்தத் தேதிக்கே வருகிறேன் என்றார். அடுத்து மெர்விக்கு, கை குலுக்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கண்டுபிடித்துவிட்டார், கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டால் கோடை முழுக்கச் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்குப் பிறகு இந்த மனுஷன் எந்தக் கைதட்டலை நம்புவார்? அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "நீ எப்பவும் போலச் சரியாத்தான் திருப்பின. நான்தான் வரல. அத்தன பேர் முன்னாடி உன்ன வெறும் ஆலையக் காட்ட வச்சுட்டேன். மன்னிச்சுக்க, ஐலி" என்றார். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில், அந்த மனுஷன் செய்த எத்தனையோ காரியத்துக்கு வாங்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்க, ஒரு தடவைகூட அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. வந்தது இதற்கு. நான், பரவாயில்லை என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டேன்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். பெர்ரி ஜாம் நான்கு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், ஒஸ்ஸிக்குக் கஞ்சியில் போட்டுக் கொடு, வெறும் சர்க்கரையைப் போடாதே. அங்கே இப்போதுதான் வெயில் ஏறுகிறது என்றாய், பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உங்கள் மூன்று பேரையும் கடவுள் கை விடாமல் வைத்திருக்கட்டும், உன் குடும்பம் நீண்ட காலம் சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா உனக்குப் போன் பண்ணுவார். கால் வலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், அப்புறம் இந்தக் கோடை முழுக்க நாற்பது வினாடிக்குள் ஓடினேன், கடைசி நாள் மழையில்தான் வழுக்கிவிட்டது என்று ஆரம்பிப்பார். குறுக்கே பேசாதே. முழுக்கக் கேள். கேட்டுவிட்டு, அம்மாவும் அப்படித்தான் எழுதியிருந்தாள் என்று சொல்.

உன் அன்பு அம்மா,
ஐலி