பின்பக்கக் கண்ணாடி

இன்று காலை நோரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். காகிதம் போல் காய்ந்த கடற்பாசி. பிரித்த உடனே கூடம் முழுக்கக் கடல் வாசனை. உங்கள் சட்டையில் எப்போதும் அடித்த வாசனை. அடையாறு கடையில் பில் போடும் பெண், "சுஷி பண்ணப்போறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "இல்லம்மா, நத்தைக்கு" என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும்.

அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியை நீங்கள் வாங்கி வந்தபோது நான் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? மீனுக்கு இறால் தூள் போட வேண்டும் என்றதும், "ஏன்னா, நம்மாத்துல இறாலா?" என்று வாசலிலேயே மறித்தேன். மறுநாள் மீனுக்குப் பதில் நத்தைகளோடு வந்தீர்கள். "பாசிதான்டி சாப்பிடும். சுத்த சைவம்." வழி விட்டேன். மயிலாப்பூரிலேயே மீன் இல்லாத மீன் தொட்டி நம்முடையது ஒன்றுதான் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து மீனைத் தேடுவார்கள். உங்களுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

முன் கண்ணாடியைப் பழைய ஏடிஎம் கார்டால் தினமும் சுரண்டுவீர்கள். பின்பக்கத்தைத் தொடவே மாட்டீர்கள், பச்சை படிந்து கிடக்கும். அந்தப் பாசியும் போதாத நாட்களில்தான் நோரி. சரஸ்வதி பூஜைக்கு வீடே பளபளக்கும்போது அதையும் தேய்க்கச் சொல்லிக் கத்துவேன். "முன்னாடி நமக்கு, பின்னாடி அதுகளுக்கு. சாப்பிடற தட்டைப் பிடுங்கி அலம்பாதே" என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு எல்லார் கண்ணையும் அந்தப் பச்சைதான் உறுத்துகிறது. அம்மா தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று போன வாரம் நம் பிள்ளை மீன் தொட்டிக் கடை ஆள் ஒருவனைக் கூட்டி வந்தான். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பாட்டிலைத் திறந்தான். "இத்த ஒரு மூடி ஊத்துனா போதும்மா, பாசி பூரா பூடும்."

"நத்தை?"

"அதுவும் பூடும். இன்னாம்மா, வேற வாங்கிக்கலாம்."

வேற வாங்கிக்கலாமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் காரியம் முடிந்ததிலிருந்து ஆளாளுக்கு வந்து மனதை மாற்றிக்கொள், வீட்டை மாற்றிக்கொள் என்கிறார்கள். தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஆட்டவில்லை. பாட்டிலை வாங்கி மூடி அவன் கையிலேயே திணித்து, "கிளம்புப்பா" என்றேன்.

"வெறும் நத்தைம்மா" என்றான் பிள்ளை.

"ஆமாண்டா, வெறும் நத்தைதான். உங்கப்பா சாப்பாடு போட்டு வளர்த்த நத்தை. நான் இருக்கற வரைக்கும் பட்டினி கிடக்காது."

அவன் ஆளை அனுப்பிவிட்டு வந்து காபி கேட்டான்.

அமாவாசையன்று காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் காக்காய்க்கும் முன்னால் நோரித் துண்டைத் தொட்டிக்குள் கல்லுக்கடியில் செருகிவிடுகிறேன். காக்காய்க்கு இந்தத் தெருவில் எத்தனையோ வீடு. இதுகளுக்கு நான்தான்.

முன் கண்ணாடியை இப்போது நான் சுரண்டுகிறேன், உங்கள் கார்டாலேயே. சரஸ்வதி பூஜை வருகிறது. வீட்டை மூலை முடுக்கு விடாமல் துடைக்கப்போகிறேன். பின்பக்கக் கண்ணாடியில் எவனாவது கை வைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.