லேபர்கேஸ

ஜூன் 9, 1984. சனி
நான் டல்லாஸ் வந்து மூன்று மாதம்; இவர் முன்னாலேயே வந்துவிட்டார். இன்று இவருடைய மேனேஜர் வீட்டில் மதியச் சாப்பாடு. மேனேஜரின் மனைவி கெர்டா, மியூனிக்கில் பிறந்தவள். செங்கல் மாதிரி ஒரு ரோஸ் கட்டியைத் துண்டு போட்டு, கடுகு விழுதோடு வைத்தாள். லேபர்கேஸ என்றாள். நான் இவரைப் பார்த்தேன். ஐ.ஐ.டி.யில் ஜெர்மன் படித்தவர் ஆயிற்றே.
"கேஸன்னா சீஸ். சாப்பிடு, பாத்துண்டிருக்கா."
வழவழவென்று, உப்பாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். மரியாதைக்காகச் செய்முறையும் கேட்டு வைத்தேன்.

ஜூன் 12
கெர்டா போன் பண்ணிச் செய்முறை சொன்னாள். மாடும் பன்றியும். ஐஸ் போட்டு, நம் இட்லி மாவு மாதிரி நைசாக அரைக்க வேண்டுமாம். பாதியில் போனை வைத்துவிட்டு ஓடினேன். பித்தம்தான் வந்தது. ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்த்தேன். அந்த வழவழப்பு நாக்கிலேயே இருக்கிறது. சீ.

ஜூன் 13
இவர் தனக்கும் தெரியாது என்று சத்தியம் பண்ணினார். பாவம், அவரும்தானே சாப்பிட்டார்.

ஜூன் 16
அன்று நான் பாதியில் போனை வைத்ததில் பதறிப்போய் கெர்டாவே வந்துவிட்டாள். நான் சுத்த சைவம் என்றேன். அழுதுவிட்டாள். 'லேபர்' என்றால் ஈரல், 'கேஸ' சீஸ். ஆனால் அவள் ஊர்ப்பக்கம், பவேரியாவில், அதில் இரண்டுமே கிடையாதாம். ரொட்டி போன்ற கட்டியைக் குறிக்கும் 'லைப்'தான் லேபர் என்று திரிந்தது என்பார்களாம். சீஸ் போல இறுகுவதால் கேஸ. வேறு ஊர்களில் அந்தப் பெயருக்கு ஈரல் போட்டே ஆக வேண்டுமாம்.
அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இதெல்லாம் உன் ஹஸ்பண்டுக்குப் போன வருஷ பிக்னிக்லயே சொன்னேனே. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உனக்கும் பிடிக்கும்னார்."


அதே நாள், சாயங்காலம்
இவரிடம் கேட்டேன். ப்ரமோஷன் சமயம், அவர்கள் முகம் கோணக்கூடாது என்றார். பிறகு—
"பேர்ல சீஸ் இருக்கோல்லியோ? நான் பொய் சொல்லலையே."
சிரித்துக்கொண்டே சொன்னார். மறுபடி குமட்டியது. இவர் எதை வேண்டுமானாலும் தின்னட்டும். என் வாயைத் திறக்க வைத்தாரே? சத்தியம் வேறு பண்ணினாரே? இந்த மனுஷனோடு எப்படி ஒரே மேஜையில் உட்காருவேன்?

ஜூன் 17
தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 18
இவருடைய சிநேகிதர் சுவாமிநாதன் வீட்டில் அவர்கள் பெண்ணுக்குப் பிறந்தநாள். ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து இவரே கொண்டுவந்து கொடுத்தார். முட்டை இல்லை, விசாரித்துவிட்டேன் என்றார். நான் எழுந்து, எல்லோர் முன்னாலும் நடந்துபோய், சுவாமிநாதனின் மனைவி காமாக்ஷியைக் கேட்டேன்.
இல்லைதான்.
அங்கேயே நின்று சாப்பிட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.